இருபது நிமிடம் எல்லாருக்கும் பொது

போட்டி அட்டவணை போட ஒரு பென்சிலும் ஸ்கேலும் நல்ல ரப்பரும் போதும். கொஞ்சம் மூளையும் வேண்டும். எங்கள் மன்றத்தில் அது எனக்கு மட்டும் இருந்ததால் இருபத்திரண்டு வருடமாக இறகுப்பந்துப் போட்டிக்கு நான்தான் போடுகிறேன். ஏழு பேரை இரண்டால் வகுத்தால் மீதி வரும் என்பது மன்றத் தலைவருக்கு வருடாவருடம் புதுச் செய்தி. அந்த மீதி ஆள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார். அதை நாங்கள் 'பை' என்போம்.

போன வருடம் பரிசளிப்பு விருந்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், என் மருமகன் கையில் தட்டோடு சொன்னார்: "பை வேணும்னா கடைக்குப் போக வேண்டாம். மாமாவுக்கு மகனாப் பொறந்தாப் போதும்."

சம்பந்தியம்மாள் புரையேறச் சிரித்தார். என் மகனும் சிரித்தான், அசடு. எங்கள் குடும்பத்தை நாக்கின் மேல் பல்லைப் போட்டு யாரும் அதுவரை பேசியதில்லை.

இந்த வருடம் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு மகள் வந்தாள்.

"அப்பா, அவருக்கு இதயத்துல கோளாறாம். ஆடாதீங்கன்னா கேக்க மாட்டேங்கறார். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஒரு மணி நேரமாவது விட்டுப் போடுங்கப்பா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

"பாக்கலாம்மா" என்றேன். பார்த்தேன்.

ஏழு பேர், ஒரே ஆடுகளம், தகரக் கூரை. மேல்பாதி ஆட்டங்கள் அரையிறுதியோடு காலையிலேயே முடியும்; கீழ்ப்பாதி அதன் பிறகு. இந்த வரிசையில் ஏழாம் எண்காரர் ஜெயித்துக்கொண்டே போனால், உச்சி வெயிலில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து ஆட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் விதிப்படி இருபது நிமிடம். குழுவிடம் காட்டினேன். "பிரமாதம் சார்" என்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் தேநீர் ரசீதுக்குக்கூட அப்படித்தான் போடுவார்கள்.

எண்களைச் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவருக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன். மருமகனுக்கு ஏழு.

தோற்றிருந்தால் பிழைத்திருப்பார். தோற்பது அவர் குணமில்லை. அரையிறுதி முடிந்ததும் சட்டை நனைந்து என்னிடம் வந்தார்.

"மாமா, இன்னும் ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. மூச்சு வாங்குது."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மாப்பிள்ளை. அப்புறம் நாலு பேர் பாரபட்சம்னு சிரிப்பாங்க."

அவரே சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான்" என்று மட்டையை எடுத்தார். மூன்றாவது புள்ளியில் விழுந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் ஒரு நொடி குறைத்திருக்கவில்லை.

எதிரில் நின்றது என் மகன். காலையிலேயே அரையிறுதியை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றாம் எண், அதாவது பை.

சீட்டைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மறைப்பது எங்கள் வழக்கமில்லை. டப்பாவுக்குள் ஐந்து சீட்டுதான் போட்டேன். ஒன்றும் ஏழும் என் விரலிடுக்கில் இருந்தன. எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகள் என்னோடு பேசுவதில்லை. துக்கம், சரியாகிவிடும். எதிராளி ஆடாததால் விதிப்படி கோப்பை என் மகனுக்கு வந்தது. பாரபட்சம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.