பெட்டிக்கு வைத்த சந்தனம்

பழைய டிவி வாங்கும்போது படத்தைப் பார்க்கக் கூடாது, ஐயா. பின்பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். கருகிய வாடை வந்தால் அது தாங்காது. தூசி வாடை மட்டும் வந்தால் தைரியமாகத் தூக்கிக்கொண்டு வரலாம். சிலிபினில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் பிச்சைமுத்து என்று ஈப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கையால் கொடுத்த பொருள் பழுதென்று திரும்பி வந்ததில்லை.

குனோங் ராபாட்டில் என் தங்கை வீட்டில் நடந்ததை விபத்து என்று போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதி மூடிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. எழுதியதில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்களுக்குச் செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். தங்கச்சி பாப்பாவுக்கு அப்போது பாவாடை தாவணி வயசு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிலிபினுக்கு வந்தேன். நான் கடையில் இருப்பேன், அவள் பின்கட்டில் சமைப்பாள். மத்தியானம் சோற்றுத் தட்டை மேசையில் வைத்து, அதில் கிடக்கிற ஸ்க்ரூவையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "சாப்பிடுண்ணே, ஆறிப்போவுது" என்பாள். அவளுக்காகவே நான் கல்யாணம் கட்டவில்லை. கட்டச் சொல்லி அவள் நச்சரித்தாள்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண் கேட்டு வந்தவர்களை நான் விரட்டியதாக ஊரில் பேச்சு. விசாரித்தேன், அவ்வளவுதான். ஒருவனுக்குக் குடி. ஒருவனுக்கு அம்மாக்காரி சரியில்லை. ஒருவன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தான், அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படியே அவளுக்கு வயசு முப்பதை நெருங்கிவிட்டது.

பிறகு சன்னாசி வந்தார். கல் உடைக்கிற மலையில் லாரி ஓட்டுகிறவர். கோயிலில் பார்த்துப் பழக்கமாம். அன்றைக்குப் பாப்பா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "இவரை நான் கட்டிக்கிறேண்ணே" என்றாள். தனக்கு இது வேண்டும் என்று அதுவரை அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. சரி என்றேன். கல்யாணத்தையும் குறைவில்லாமல் நடத்தினேன்.

மாப்பிள்ளையிடம் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை. குடிக்க மாட்டார். சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவார். ஒரு நாள் கை நீட்டி அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நான் என்ன செய்வது, அவர் அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் மீன் குழம்போடு வருவார்கள். அந்தக் குழம்பைச் சுண்டவைத்து வாரம் பூராவும் வைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிறு அவர் மட்டும் வந்தார்.

"பாப்பா முழுகாம இருக்கு, மச்சான். மோட்டார்ல ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். இனிமே நீங்கதான் அங்க வரணும்" என்றார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அவளுக்குப் படம் பாக்காம இருக்க முடியாது. தியேட்டருக்கும் போவ வழியில்ல. வீட்டுலயே தியேட்டர் மாரி ஒன்னு செஞ்சு குடுங்கலா. மலிவா இருந்தா போதும்."

"மலிவா முடிச்சிரலாம், மாப்பிள்ளை" என்றேன்.

வீடியோ பெட்டியை ஒரு வீட்டில் பழசாக வாங்கித் துடைத்துச் சரிசெய்தேன். கோயிலில் கழித்துப் போட்ட மைக் செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயர் எடுத்தேன். ஸ்பீக்கருக்குப் பலகையில் நானே பெட்டி அடித்தேன். தியேட்டர் சத்தம் அதில்தான் இருக்கிறது. டிவிக்குப் பழைய சாமான் விற்கும் சீனத் தவுக்கே கடைக்குப் போனேன். அங்கே இரண்டு டிவி இருந்தன. விலை ஒன்றுதான்.

நான் எடுத்தது மரப்பெட்டி டிவி. அந்த ரகத்துக்கு, மற்றதில் இல்லாத ஒரு குணம் உண்டு, ஐயா. உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தில் வீட்டுக் கரண்டு நேராக ஓடும். மரப்பெட்டி மூடியிருக்கிறவரை பச்சைக் குழந்தைகூடப் பக்கத்தில் விளையாடலாம். ஆனால் அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்தால், ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டிக்கும் அந்தக் கரண்டு வந்துவிடும். நடுவில் அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரிக்க வேண்டும். அது விலை கூடிய சாமான்தான். ஆனால் என் மேசைக்கு அடியில் ஒன்று சும்மா கிடந்தது. மலிவாக என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா, அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் பச்சைப் பெயிண்ட் உரிந்து அசிங்கமாக இருந்தது. முழுக்கச் சுரண்டி வெறும் இரும்பாகப் பளபளவென்று தேய்த்தேன்.

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். புதுச் சாமானுக்குச் சந்தனம் வைப்பது எல்லோரும் செய்வதுதான். எங்கள் ஆட்கள் அதை ஓடவிட்டுத்தான் வைப்பார்கள். ஆயுத பூசையன்று ரப்பர் பாலை ஷீட் போடுகிற மெசினை ஓடவிட்டு, அதன் மேல்தான் அப்பா பொட்டு வைப்பார். "ஓடாததுக்கு வச்சா பொணத்துக்கு வச்ச மாரிடா" என்பார். வீட்டு ஆம்பிளை குளித்துவிட்டு, ஈரக் காலோடு, வெறும் கையால் வைக்க வேண்டும். சன்னாசி மாப்பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளைதான். புது மோட்டார் சைக்கிளை உதைத்து, அது உறுமிக்கொண்டிருக்கும்போது அவர் பொட்டு வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமான்களைக் கொண்டுபோனேன். பாப்பா வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது.

"என்னண்ணே, சிலிப்பரோட உள்ள வார?" என்றாள்.

"குதிகால் வலிம்மா" என்றேன். பாவம், நம்பிவிட்டாள். உட்காருவதற்கு முக்காலி கொண்டுவந்து போட்டாள். அவளுக்கு அப்போதுதான் வயிறு கொஞ்சம் தெரிந்தது.

எல்லாவற்றையும் பூட்டி, கைக்கு முதலில் எட்டுகிற மாதிரி ஆம்ப்ளிஃபயரை முன்னால் வைத்து, சுவிட்சைப் போட்டேன். சாமி படக் கேசட் ஒன்று போட்டேன். படம் தெளிவாக வந்தது, நாதஸ்வரம் வீட்டையே தூக்கியது. பாப்பா கையைத் தட்டிச் சிரித்தாள். மாப்பிள்ளை குளித்துவிட்டு வேட்டியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அதைப் பார்க்கிற மனசு எனக்கு இல்லை. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

உள்ளே மாப்பிள்ளை சொல்வது கேட்டது. "நீயே வை, புள்ள. ஒங்க அண்ணே கையால செஞ்சது. நீ வச்சாத்தான் வெளங்கும்."

கூப்பிட நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அவள் கொலுசுச் சத்தம் பெட்டிப் பக்கம் நடந்து போகிறவரை நேரம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ஏன் என்று மாப்பிள்ளை கேட்டிருப்பார். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் கிண்ணம் விழுந்தது.

ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தவன் நான்தான். மாப்பிள்ளை அவளை மடியில் போட்டுக்கொண்டு கதறும்போது, டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருந்த ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவனும் நான்தான். அதனால்தான் உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கையில் சந்தனம் காயாமல் இருந்தது.

அவள் மேல் எனக்கு ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். உத்தரத்தில் தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டியாகிவிட்டது. கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பிள்ளை முகத்தைப் பார்த்துத் தேறிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். தாலியறுத்து வந்த பெண்ணை அண்ணன் வைத்துக் காப்பாற்றுவது ஊரில் நடக்காததா? இப்போது அந்தக் கொக்கியைக் கழற்றவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மாப்பிள்ளை இப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் வருகிறார். அவருக்கும் வேறு யாரும் இல்லை. அவரே மீன் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறார். உப்பு கரிக்கும். "சாப்பிடுங்க மச்சான், ஆறிப்போவுது" என்பார். போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் மச்சான் அவளைக் கொன்னேன். நான் வைக்க வேண்டியதை அவகிட்ட குடுத்துட்டேன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

டிவி எடுத்தது நான். டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் விட்டது நான். பெயிண்டைச் சுரண்டியது நான். மாப்பிள்ளை சாக வேண்டும் என்று நினைத்தே செய்தேன். என் பங்கை நான் மறைக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் வீட்டு ஆம்பிளை செய்ய வேண்டிய காரியத்தை அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் பாப்பா இன்றைக்கு என் வீட்டில் இருந்திருப்பாள். அவளைக் கொன்றது யார் என்பதை அவரே வாயால் ஒத்துக்கொண்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.