நீரூற்று இருக்கும் இடம்

தாராவியிலிருந்து செம்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதை ஒட்டிய தம்பதி. அவர்களுடைய பழைய குடியிருப்பை இடித்துக் கட்டப்போகும் டவரின் தோட்ட வரைபடம் கணவர் மடியில் விரிந்திருந்தது. ஓரங்களில் பதினான்கு அலங்காரப் பனைகள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். நடுவில் பெரிய நீரூற்று.

"எல்லாம் சரி. செத்தா எங்க கெடத்துவிய?" என்றார் மனைவி.

"ஏட்டி, பஸ்ஸுல பேசுத பேச்சா இது?"

"மாமாவ நம்ம சந்துலதான கெடத்துனோம்? அத்தன சனமும் வந்து பாத்துச்சுல்லா? இப்ப அத்தை படுக்கையில கெடக்காவ. அங்க குடி போன பொறவு ஒண்ணு ஆச்சுன்னா பதினெட்டாவது மாடிக்கு யாரு வருவா? லிஃப்ட்டுக்கு வரிசையில நிப்பாவளா?"

"அதான் கீழ தோட்டம் இருக்குல்லா."

"நடுவுல தண்ணி பீச்சுது, சுத்திச் செடி. தண்ணிக்குள்ளயா கெடத்த?"

கணவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இன்னைக்கு மீட்டிங்ல எல்லாரும் சரின்னுட்டா, பொறவு பில்டர் மாத்த மாட்டான்."

"அப்ப நீரூத்த ஓரமாத் தள்ளச் சொல்லுங்க. நடு எடம் காலியாக் கெடக்கட்டும்."

"சாவுக்கு எடம் வேணும்னு எப்படிக் கேக்க? புது வீட்டுக்கு அபசகுனம்னு ஒருத்தனும் கை தூக்க மாட்டான்."

"சாவுக்குன்னு யாரு கேக்கச் சொன்னா? கல்யாணப் பந்தலுக்குன்னு கேளுங்க. பொண்ணு வச்சிருக்கவன் அம்புட்டு பேரும் தூக்குவான்."

கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நீரூற்றை அடித்துவிட்டு, சுவரோரம் சிறிதாக ஒன்று வரைந்தார்.