மழையில் அளந்த சந்து

வேலிப் பகை தீர்த்த வித்தகியே! வரப்பில் முறைத்து நின்றவர்களை வாசலில் கைகுலுக்க வைத்த வல்லமையே! கூட்டுச் சொத்தில் குலைந்துபோன குடும்பங்களை ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசிய பொறுமையின் பெட்டகமே! நில எல்லைத் தகராறுகளுக்கான எங்கள் சமரச அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்ததைவிட, அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் வெயிலில் காய்ந்து நின்றதே அதிகமென்று பெயரெடுத்த எங்கள் அன்புக்குரிய அம்மையீர்! வணக்கம்.

இப்படி இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. எங்கள் பதிவறை எழுத்தருக்கு அடைமொழி என்றால் அடங்காத ஆசை. எழுதி முடித்த கையோடு, போன வாரம் தேநீர் வேளையில் தங்களிடமே அதைப் படித்தும் காட்டிவிட்டார். தாங்கள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டீர்கள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தையல்காரர் வீட்டை ஏன் விட்டுட்டீங்க? அது இல்லாம இதைப் படிச்சா நான் மேடைக்கு வரமாட்டேன்" என்றீர்கள். பணி ஓய்வுப் பாராட்டு மடலில் போய் ஒரு தவறை எழுதுவதா என்று தலையைச் சொறிந்தோம். மேலதிகாரி முதல் காவலாளி வரை ஆள் மாற்றி ஆள் வந்து கெஞ்சிப் பார்த்தோம். தாங்கள் மசியவில்லை. ஆகவே, இந்த அவை பொறுத்தருளட்டும். இது நாங்கள் எழுத நினைத்த மடல் அல்ல.

நடைவழி நாயகியே! தங்கள் பாணி ஒன்று இருந்தது. எந்த இடத்தை அளந்தாலும் அளவு நாடாவின் ஒரு முனையைத் தகராறில் ஒரு கட்சிக்காரர் கையிலும், மறுமுனையை எதிர்க்கட்சிக்காரர் கையிலும் கொடுப்பீர்கள். தன் கையால் பிடித்து அளந்ததைப் பொய்யென்று பிறகு யாரும் சொல்லமாட்டார்கள் என்பது தங்கள் கணக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள்கூட நாடா தொய்யாமல் இருக்க ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். பங்காளிகள் பிடித்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்தார்கள், மணமுறிவுக்கு மனுக் கொடுத்திருந்த கணவனும் மனைவியும்கூடப் பிடித்தார்கள். அந்தப் பாணி எங்கள் அலுவலகத்தின் பெருமையாயிற்று. வெளியூர் அலுவலர்கள் வந்து வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

அப்படி அளந்து பிரித்த வீடுதான் தையல்காரர் வீடு. அப்பா போன பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடு அது. தெருவைப் பார்த்த முன்பாதி, தைத்துப் பிழைக்கும் அண்ணனுக்கு. பின்பாதி, அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலைக்குப் போய்வரும் தங்கைக்கு. தங்கை தெருவுக்கு வர வீட்டை ஒட்டிய பக்கச் சந்து. அளந்த அன்று விடாத மழை. குடை பிடித்துக்கொண்டு அண்ணன் ஒரு முனையும் தங்கை ஒரு முனையுமாகப் பிடித்தார்கள். ஓர் ஆள் இரண்டு கையிலும் பையோடு தாராளமாகப் போகலாம். அளவில் குறையே இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் நனைந்த செருப்போடு அலுவலகத்துக்குத் திரும்பியபோது நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

அன்றைக்கு மழை என்பதால் அண்ணன் சந்துப் பக்கமிருந்த தன் அறை ஜன்னல்களைச் சாத்தியிருந்தார் என்பதை நம்மில் எவரும் யோசிக்கவில்லை. அவை வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜன்னல்கள். திறந்தால் கதவு எதிர்ச்சுவரில் போய் முட்டும், சந்து அடைபட்டுப்போகும். தையல் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். பொழுது விடிந்தால் அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவார்.

தங்கை முதலில் கேட்டுப் பார்த்திருக்கிறார். "இரு, இந்தத் தையல் முடியட்டும்" என்ற பதிலுக்காகத் தன் வீட்டுச் சந்திலேயே காத்து நின்றிருக்கிறார். அச்சகத்தில் தாமதத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறார். கேட்கக் கூசிப்போய், பிறகு ஜன்னலுக்கு அடியில் குனிந்து, முழங்காலை ஊன்றிப் போகப் பழகிக்கொண்டார். ஒருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், ஜன்னலுக்குக் கீழே ஒரு தலை ஊர்ந்து போவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அண்ணன் தொடர்ந்து அளவெடுத்தார். மறுநாளிலிருந்து தங்கை வேலைக்குப் போகவில்லை. இருட்டி, ஜன்னல் சாத்தின பிறகு கடைக்குப் போய்வருவதோடு சரி.

அதே தெருவில் வேறொரு சாக்கடைத் தகராறுக்காகத் தாங்கள் போனபோது, நாம் பிரித்த வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வருவோமே என்ற பெருமிதத்தோடு சந்தில் கால் வைத்தீர்கள். வழியில்லை. தாங்களும் குனிந்துதான் போனீர்கள். கதவைத் திறந்த தங்கை பார்த்தது, தன் வாசலில் தரையிலிருந்து எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அலுவலரை. ஏன் எங்களிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அவர் கோபப்படவே இல்லையாம்.

"எப்படிச் சொல்றது மேடம்? நானும்தானே அந்த டேப்பைப் பிடிச்சேன்."

அம்மையீர்! அந்த ஒரு வார்த்தை தங்களை என்ன பாடு படுத்தியது என்பதற்கு நாங்கள் சாட்சி. அலுவலகத்துக்கு வந்து யாரிடமும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். சண்டையை முடிக்கத் தாங்கள் கண்டுபிடித்த வழி, முறையிட வேண்டியவரின் வாயை அடைத்திருந்தது. வழக்கைத் திரும்ப எடுக்கக் கேட்டீர்கள். முடிந்த வழக்கு, இருவரும் ஒப்பியது, கெடுவும் கடந்தது என்று மேலிடம் கைவிரித்தது. நாங்களும் ஆறுதல் என்ற பெயரில், அளவு சரிதானே, ஜன்னலுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னோம். தாங்கள் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நாங்கள் கூனிக் குறுகிப்போனோம். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

அதன்பிறகு தாங்கள் அலுவலராக அல்ல, வெறும் ஆளாக, முதலில் தங்கையின் வாசலுக்குப் போய்த் தவறு தங்களுடையது என்று சொன்னீர்கள், பிறகு விடுமுறை நாட்களில் தையல்காரரிடம் போய் நின்றீர்கள். அவர் கெட்டவர் இல்லை. வெளிச்சம் அவருக்கும் பிழைப்பு. "கேட்டா சாத்தமாட்டேனா மேடம்? வாயைத் திறந்து கேக்க அவளுக்கு என்ன கேடு?" என்றார். "தன் வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றீர்கள் தாங்கள். அவர் குனிந்து தைத்தார். அடுத்த முறை போனபோதும் தைத்தார். எத்தனை முறை போனீர்களோ, தாங்கள் சொன்னதில்லை. ஒருநாள் தச்சரைக் கூப்பிட்டு ஜன்னல் கதவுகளை உள்பக்கம் திறக்கும்படி மாற்றிக்கொண்டார், மெஷினை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். தங்கையிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அச்சகத்தில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். சந்து திறந்தது, போன வேலை திரும்பவில்லை.

அன்றிலிருந்து தாங்கள் எந்தக் கட்சிக்காரர் கையிலும் நாடாவைக் கொடுக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு, ஜன்னல், கேட் எல்லாவற்றையும் விரியத் திறக்கச் சொன்னீர்கள். கையெழுத்து வாங்கும்முன் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, இதில் நீங்கள் தினமும் யாரிடமாவது எதையாவது கேட்டு நிற்க வேண்டியிருக்குமா என்று விசாரித்தீர்கள். இதற்கே பாதி நாள் போகிறதென்று நாங்கள் முணுமுணுத்தோம். முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு 'ஜன்னலம்மா' என்று பெயரும் வைத்தோம். அது தங்களுக்குத் தெரியும் என்பது, இன்று காலை தாங்களே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

இந்த விழாவுக்கு அந்தத் தங்கையை அழைக்கலாம் என்று நாங்களாகவே முடிவு செய்தோம். அவர் வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் தங்கள் மனம் ஆறும் என்று நப்பாசை. போன ஞாயிறு பதிவறை எழுத்தரும் காவலாளியும் அந்தச் சந்து வழியாக நிமிர்ந்தே நடந்துபோய் அழைத்தார்கள். அவர் வர மறுத்துவிட்டார். அப்படியானால் ஒரு வாழ்த்தாவது எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே வாசிக்கிறோம்.

"நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. எனக்கு இன்னும் மனசு ஆறலை. அந்த ஆளு சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. ஆனா ஒண்ணு. என் அண்ணன் வரலை, அச்சகத்துக்காரங்க வரலை, அந்த ஆபீஸ்லேருந்தும் வேற யாரும் வரலை. தப்பு என்னோடதுன்னு சொல்ல என் வாசலுக்கு வந்தது அவங்க ஒருத்தர்தான். அதை வேணா எழுதிக்கோங்க."

எழுதிவிட்டோம், அம்மையீர். அந்த 'வேறு யாரும்' நாங்கள்தான். புகழ வந்த மேடையில் தலை குனிந்து நிற்கிறோம். ஆனாலும் வாழ்த்த உரிமை உண்டென்று நம்புகிறோம். கண்ணும் காலும் தளராமல், உடல்நலம் குன்றாமல், உற்றார் சூழத் தாங்கள் நூறாண்டு வாழ்க! அந்தத் தங்கையும் வாழ்க! நாளைக் காலை முதல் புகாருக்குப் போகும்போது, எங்களில் யார் போனாலும், முடிந்த பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
சமரச அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்