செருப்புக்குக் காவல்

சங்கரன்கோவிலில், கோயில் வாசலில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் வரிசை நகரவேயில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள், கூட வந்திருந்த நாத்தனாரிடம் சொன்னாள்:

"இத்தாலிக்குப் போயி நான் செருப்புக்குத்தான் காவல் நின்னேன், மதினி."

குடை பிடித்திருந்த அவள் கணவர் வேறு பக்கம் பார்த்தார்.

"மகன் ஆசப்பட்டு கப்பல்ல டிக்கெட் போட்டு அனுப்புனான். ஒருநாள் கரையில இறக்கி, பஸ்ல ஏத்திவிட்டு, ஊரச் சுத்திப் பாருங்கன்னாக. அன்னைக்குன்னு பாத்து விடாத மழ. இவுக ஒவ்வொரு சர்ச் வாசல்லயும் செருப்பக் கழத்திட்டாக."

"சாமி இருக்க எடத்துக்குச் செருப்போடயா போவாக?" என்றார் அவர்.

"அங்க எல்லாரும் பூட்ஸோடதான போறாக."

"அவுக போவாக. நான் போவேனா?"

"புதுச் செருப்பு, மழத்தண்ணி இழுத்துட்டுப் போயிரும்னு என்னய வெளிய நிக்க வச்சுட்டாக. நாலு சர்ச்சு. நாலு வாசப்படியத்தான் பாத்தேன்."

"அண்ணன் வந்ததும் நீங்க உள்ள போயிருக்கலாம்லா?"

"போகத்தான் கெளம்புனேன். உள்ள ஒண்ணுமில்லட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாக. வீட்டுக்கு வந்து பாக்கேன், போன் நெறய போட்டோ."

"மேல் கூரையில படம் வரஞ்சிருந்தான். அது நல்லாருந்துச்சு," என்றார் அவர் மெதுவாக.

அவள் தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். நாத்தனாரையும் கழற்றச் சொன்னாள்.

"நீங்க இங்கனயே நில்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் வந்து சொல்லுதேன்."