கிழிக்காத தாள்கள்

முதல் வகுப்புக்கு நான் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவேன். பெஞ்சுகள் கோணலாகக் கிடந்தால் எனக்குப் பாடம் ஓடாது. நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பெடுக்கிறவர்கள் முன்னால் பேசியே பழகியவள் நான்.

நான் நடத்துவது குற்றவியல், முதலாமாண்டு. மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதுதான் பாடம். வருடாவருடம் முதல் நாள் ஒரு பயிற்சி வைப்பேன். துறையின் கேமராவை மேசைமேல் வைத்து, "இது நாளைக்குக் காணாம போச்சுன்னா யாரைச் சந்தேகப்படுவீங்க? எழுதிக் குடுங்க" என்பேன். முக்கால்வாசிப் பேர் எங்கள் துப்புரவுப் பணியாளரைத்தான் எழுதுவார்கள். அவர் இளவயதில் திருடிச் சிறை போனவர், அது கல்லூரிக்கே தெரியும். மறுநாள் அவரே வகுப்புக்கு வந்து தன் கதையைச் சொல்வார். பசி, குடிகாரத் தகப்பன், திருடன் என்று சொல்லி வேலை தராத ஊர். அவர் முடித்ததும் தாள்களை எல்லார் கண்ணெதிரிலும் கிழித்துப் போட்டு, இதற்குப் பெயர்தான் முத்திரை குத்துவது என்று பாடத்தைத் தொடங்குவேன்.

அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயமே அவர்தான். ஒன்பது வருடம் ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

இந்த வருடம் அவர் மகள் என் வகுப்பில் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மனிதர் வழக்கமான கதையை விட்டுவிட்டு, அவளைப் பார்த்தே பேசினார்.

"பசியெல்லாம் இல்லம்மா. எங்கப்பா தங்கமான மனுஷன். மேடம் கேட்டாங்களேன்னு இத்தனை நாள் அப்படிச் சொன்னேன். ஆசைப்பட்டேன், எடுத்தேன். அப்புறம் அசிங்கமா இருந்துச்சு, விட்டுட்டேன். அவ்வளவுதான்."

வகுப்பு கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப மூணாவது சாப்டரை அடிச்சிரலாமா மேடம்?" என்றான். நானும் சிரித்து வைத்தேன். நான் வாங்கிக் கொடுத்த வேலையில் நின்றுகொண்டு, நாற்பது பேர் முன்னால் என் மூக்கை அறுத்துவிட்டார். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று தாள்களை நான் கிழிக்கவில்லை.

மறுநாள் மதியம் கேமராவைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கேமரா துறையில் இல்லை என்று மட்டும் புகார் எழுதி, அதோடு தாள்களையும் வைத்தேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார்.

"நாப்பது பேர்ல முப்பத்தஞ்சு பேர் ஒரே ஆளைச் சொல்றாங்க. இதுக்கு மேல என்ன மேடம் விசாரிக்கணும்?"

தாளில் தேதி கிடையாது. எப்போது எழுதியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மாலையே துப்புரவுப் பணியாளரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள்.

மகள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். அது வெறும் பயிற்சி என்று சொன்னாளாம். பெற்ற மகள் வேறென்ன சொல்வாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு என் அறைக்கு வந்து நின்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க மேடம். உள்ள எல்லாரும் அப்பாவைத் திருடன்னுதான் கூப்பிடறாங்களாம்."

தண்ணீர் கொடுத்து, பார்க்கலாம் என்றேன். பார்க்கத்தான் செய்தேன். மூன்று மாதம் பார்த்தேன்.

போன வாரம், திருடன் என்று சீண்டிய ஒருவனின் தலையைச் சிறைச் சுவரில் மோதியிருக்கிறார். அவன் செத்துப்போனான். அதற்கு முன் யாரையும் கைநீட்டி அடித்தறியாத மனிதர் அவர். முத்திரை குத்தினால் குற்றவாளி உருவாவான் என்று நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரியாகிவிட்டது. முன்பே வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் எதுவுமே நிரூபணமாகியிருக்காது.

கேமரா என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் அப்பா மேல் துளித் தப்பும் இல்லை. அந்தக் கல்லூரியில் கடைசிவரை அவரை நம்பியவள் நான் ஒருத்திதான்.