புழுதி படாதவன்

அவைக்கு அணியாக அமர்ந்து, அவ்வப்போது கண்ணயர்ந்தும் அருள்பாலிக்கின்ற ஊர்த்தலைவர் ஆகெசாண்டர் அவர்களே! நரைத்த தாடிக்குள் நகைப்பை ஒளித்து வைத்திருக்கும் முதியோர் சபைப் பெரியோர்களே! கூரைமேல் நின்று முக்காட்டை விலக்கி எட்டிப் பார்க்கும் தாய்மார்களே! முன்வரிசையில், இருபக்கமும் இருக்கை காலியாய்க் கிடக்க, மலைபோல் தனியே அமர்ந்திருக்கும் எங்கள் மல்லர் மெலாந்தஸ் அவர்களே! வணங்குகிறேன்.

நான் ஸ்மிகோன், எண்ணெய் வியாபாரி. பேச வேண்டிய கவிராயர் நேற்றைய விருந்தில் குடித்த திராட்சை மதுவோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால், "உனக்குத்தான் வாய் ஓயாதே" என்று என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். என் மனைவி கூரைமேல் தலையிலடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது.

இன்று நம் வீரருக்கு வெண்கலச் சிலை. என் பேச்சு முடிந்ததும், கல்தச்சர் அதன் பீடத்தில் இரண்டே சொற்களை வெட்டப்போகிறார்: 'புழுதி படாதவன்'. எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் வென்றவனுக்கு எல்லா ஊரும் தருகிற உச்சப் பட்டம்! வீரத்தின் விளிம்பு! வெற்றியின் வியப்பு!

கைதட்டிவிட்டீர்களா? சரி. இப்போது ஒன்று கேட்கிறேன். மல்யுத்தத்துக்கு எண்ணெய் பூசிய உடம்பு வழுக்கும். மேலே புழுதி தூவினால்தான் ஒருவனை ஒருவன் பிடிக்க முடியும். அப்படியானால் புழுதி படாதவன் யார்? யாரும் பிடிக்காதவன். 'யாரும் பிடிக்காதவன்' என்பதற்கும் 'யாருக்கும் பிடிக்காதவன்' என்பதற்கும் எவ்வளவு தூரம் ஐயா?

யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான்.

இளவயதில், நெமியா விளையாட்டு விழாவில் கொரிந்து ஊர் மல்லன் ஒருவனை நம் மெலாந்தஸ் கட்டிப்பிடித்தார். விலா எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டதாம். பிடித்தது ஒருவனை, பயந்தது உலகம்! இவருக்குப் பெண் கேட்டுப் போனோம். பெண்ணின் தகப்பன், "கையப் பிடிச்சுக் குடுத்துடலாம்யா, கை திரும்பி வருமா?" என்றான். பெண் கதவிடுக்கில் அழுதது இவருக்காகவா தனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஊர் மண்டபத்தில் ஆயுள் முழுக்க விருந்து என்றோம். வாற்கோதுமை அப்பமும் வெள்ளாட்டுக் கறியும் இவரும் இந்தக் கோடியில்; நாம் எல்லோரும் அந்தக் கோடியில். முடிதிருத்துகிறவர்கூட நீளமான கத்தி வாங்கியிருக்கிறார். ஊரே கொண்டாடியது. ஊரே ஒதுங்கிக்கொண்டது.

சென்ற ஒலிம்பியா விழாவுக்கு எண்ணெய்க் குடத்தோடு நானும் போனேன். உச்சி வெயில். இவர் எண்ணெய் பூசி, ஒரு பிடி புழுதியைக் கையில் அள்ளிக்கொண்டு, களத்தின் நடுவில் காத்து நின்றார். எதிராளி வந்தால் தூவிக்கொள்ள வேண்டுமே! தீப்ஸ்காரன் வந்தான்; பார்த்தான்; தோற்றேன் என்று விரலை உயர்த்தி விலகினான். ரோட்ஸ்காரன் நடந்து வரவே இல்லை, ஆள் அனுப்பினான். கடைசியாக ஒரு ஆர்கோஸ் பையன். இவர் முகம் மலர்ந்தது. அவன், "அண்ணே, எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றான். அவ்வளவுதான். கட்டியக்காரன் முழங்கினான்: "புழுதி படாமல் வென்றார்!" கூட்டம் கூத்தாடியது. ஒலிவ மாலை சூட்டிய நடுவர், வளையம் எறிவதுபோல் எட்ட நின்றே தலையில் போட்டார்.

திரும்பும் வழியில் ஆல்ஃபியோஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். இவர் வலக்கை இன்னும் மூடியே இருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று விரித்துப் பார்த்தேன். அதே புழுதி, வியர்வையில் ஊறிக் களிமண்ணாகி, விரல் ரேகை பதிந்து கிடந்தது.

"ஸ்மிகோன்," என்றார், "இப்ப நீ என் கையத் தொட்டியே, பயமா இல்லையா?"

பிடித்த கையை நான் விடவில்லை.

"ஜெயிக்கணும்னு இல்லடா. யாராச்சும் ஒருத்தன் என்னைப் புடிச்சுக் கீழ தள்ளிப் பாக்கணும். அவ்ளோதான்."

அன்பர்களே! பாட்டு காற்றில் போகும், மாலை மாலைக்குள் வாடும், ஆனால் கல்லில் வெட்டிய சொல் போகுமா? அந்தச் சொல் பீடத்தில் ஏறிவிட்டால், இனி எவன் இவரைத் தொடுவான்? பட்டத்தைப் பொய்யாக்க எவன் துணிவான்? நாம் எழுப்பப்போவது சிலையா, சிறையா?

ஆகவே அழைக்கிறேன். அகன்ற மார்புடையோரே, ஆட்டுமந்தைக் காளையரே, யாராவது ஒருவர் இறங்கி வாருங்கள்! ஒரே ஒரு பிடி!

...ஏன் எல்லோரும் செருப்பைப் பார்க்கிறீர்கள்? அது நல்ல செருப்புத்தான்.

சரி. கல்தச்சரே, உளியைக் கீழே வையும். தலைவரே, இந்த மேலாடையைப் பிடியுங்கள், வயிற்றைப் பார்க்காதீர்கள். மெலாந்தஸ் அண்ணே, எந்திரிங்க. எண்ணெய் என் கடையோடது. புழுதி நம்ம ஊரோடது. மெதுவா புடிங்க, நாளைக்குக் கடை திறக்கணும்.

அட, அழாதீங்கண்ணே. ஈரத்துல பிடி வழுக்கும்.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். மேடையிலிருந்து இறங்குகிறேன். யாராவது என் மனைவியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.