குமாரண்ணன் அமுத்தின பட்டன்

மேட்டுப்பாளையத்தில் கம்பெனி விடுகிற நேரம். பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு இளைஞனும், அவனோடு வேலை செய்கிற பெண் ஒருத்தியும் உட்கார்ந்தார்கள்.

“என் கையாலயே அழிச்சிட்டேன்க்கா” என்றான் அவன். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

“என்னத்தடா அழிச்ச?”

“மெஷினு என்னென்ன பண்ணுச்சுன்னு கம்ப்யூட்டரு தானா எழுதி வைக்கும்க்கா. லாக்னு சொல்லுவோம். குமாரண்ணன் கை மாட்டிக்கிட்டப்ப, அவரு நிறுத்தற பட்டனை அமுத்தினது, மெஷினு நிக்காம ஓடினது, எல்லாம் அதுலதான் இருந்துச்சு.”

“அவரு அமுத்தவே இல்லன்னு மேனேஜரு சொல்றாரே?”

“அமுத்தினாருன்னு காட்டத்தான் லாக்கைத் தேடினேன், காணோம். எடம் பத்தாதுன்னு பழைய லாக்கை வேற டிஸ்க்குல காப்பி பண்ணிட்டு, இங்க இருக்கறத அழிக்கணும். அதுக்கு ஸ்கிரிப்ட்னு ஒரு சின்ன புரோகிராம் எழுதி வெச்சிருந்தேன், தினம் அது பாட்டுக்கு ஓடும். அந்த டிஸ்க்கு ரொம்பிப் போயி காப்பி ஆவல. காப்பி ஆச்சான்னு பாத்துட்டு அழின்னு ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல. இங்க இருந்ததையும் அழிச்சிடுச்சு.”

“போ, மேனேஜரு உனக்கு மாலை போடுவாரு.”

அவன் சிரிக்கவில்லை. போன் அடித்தது. “குமாரண்ணன் வீட்டு அண்ணி” என்றான்.

“எடுத்து உண்மைய சொல்லிடுடா.”

எடுத்தான். “தேடிக்கினேதான் இருக்கேன் அண்ணி. கெடச்சிடும்.”

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் அந்த அண்ணி சொன்னது எனக்கே கேட்டது.

“நீ இருக்கற தைரியத்துலதான் தம்பி, அவரு இன்னிக்கு சோறு துன்னாரு.”